காலேஜ் ரோடு கல்தூண் முதல் ஆதித்யா வரை

ஐப்பசி பிறந்தால் நம் பகுதியின் பெயர் தினமும் தொலைக்காட்சியில் அடிபடும். நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று. அந்த மழையை அளக்கும் வானிலை மையம் காலேஜ் ரோட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே வளாகத்துக்குள் 15 அடி உயரத்தில், சுமார் 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூண் நிற்பது பலருக்குத் தெரியாது. முப்பது வருடம் இங்கே குடியிருக்கும் எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

2023 செப்டம்பர் 2 அன்று முற்பகல், ஆதித்யா எல்-1 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோது எங்கள் பிளாக் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். மேகம்தான் தெரிந்தது. மூன்றாவது மாடிப் பையன் ஒருவன், "சூரியனைப் பார்க்க எதுக்கு தாத்தா அவ்வளவு தூரம் போகணும்? இங்கிருந்தே தெரியுதே" என்றான். இங்கிருந்தே பார்த்தவர்களின் கதை நம் தெருவில்தான் தொடங்கியது என்று அவனிடம் சொன்னேன். அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இப்போது கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். பிறகு அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792-இல் மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடம் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கம்பெனிக்கு நட்சத்திரங்கள் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. கப்பல்கள் கரை தட்டாமல் வர வேண்டும், நிலத்தை அளந்து வரைபடம் போட வேண்டும், அதற்குத் துல்லியமான நேரமும் தீர்க்கரேகையும் வேண்டும். தொலைநோக்கி ஆடாமல் இருப்பதற்காக நட்ட தூண்தான் இன்று நிற்கும் அந்தக் கல்தூண். தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித சாஸ்திரத்தை நட்டது தாங்கள்தான், அதை ஆயிரம் வருடம் கழித்து வருபவர்களும் அறியட்டும் என்ற பொருளில் ஒரு பெருமையும் அதில் இருக்கிறது. பஞ்சாங்கம் கணித்தே வாழ்ந்த ஊரில் இப்படி எழுதினார்கள்!

நம் தெருவின் நேரம் ஒரு காலத்தில் நாட்டின் நேரமாகவும் இருந்தது. இந்த ஆய்வகம் கணித்த மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. ரயில்கள் அந்தக் கணக்கில் ஓடின. 1906-இல் வந்த இந்திய நேரம் அதைவிட ஒன்பது நிமிடம் கூடுதல்.

இங்கே வேலை பார்த்தவர்களில் நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர். இளம் வயதிலேயே ஆய்வகத்தில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தலைமை உதவியாளர் ஆனார். இரவெல்லாம் நட்சத்திரங்கள் கடக்கும் நேரத்தைக் குறிப்பது, பகலில் அந்தக் குறிப்புகளைக் கணக்கிட்டு அட்டவணையாக்குவது, இதுதான் வேலை. 1867-இல் தென்வானில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். நவீன வானியலில் இப்படி ஒரு கண்டுபிடிப்பைச் செய்த முதல் இந்தியர் அவர்தான் என்கிறார்கள். 1872-இல் லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியரும் அவரே.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறு ஒன்று. 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடந்து போகும் நிகழ்வு வரவிருந்தது. அது என்ன, ஏன் பார்க்க வேண்டும் என்று நம் மொழிகளிலேயே ஜனங்களுக்கு விளக்கிச் சிறு நூல் எழுதினார். ஆங்கிலப் பதிப்பில் பழைய சித்தாந்த முறை படித்த ஒருவரோடு உரையாடுவது போல விஷயத்தைச் சொல்லிக்கொண்டு போகிறார். வீட்டுப் பஞ்சாங்கமும் ஆபீஸ் தொலைநோக்கியும் அவருக்குள் சண்டை போடவில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குச் சென்ற குழுவுக்கும் அவர்தான் தலைவர். சூரியனைச் சுற்றியுள்ள கொரோனா என்ற ஒளிவட்டத்தைக் கிரகணத்தின் அந்தச் சில நிமிடங்களில்தான் அன்று பார்க்க முடியும். மேகம் வந்தால் அத்தனை பயணமும் வீண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1880-இல் அவர் காலமானார்.

அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் நார்மன் போக்சன். அவருடைய மகள் ஐசிஸ் போக்சன் 1873 முதல் இதே ஆய்வகத்தில் கணக்காளராக, அதாவது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டராக, இருபத்தைந்து வருடம் வேலை செய்தார். 1886-இல் ராயல் வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கழகத்தின் விதியில் உறுப்பினர் என்பது ஆணையே குறிக்கும் என்று சட்டம் பார்த்துச் சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் 1920-இல் உறுப்பினரானார். முப்பத்து நான்கு வருடக் காத்திருப்பு.

1870-களின் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொன்றது. மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சூரியனுக்கென்றே தனி ஆய்வகம் வேண்டும் என்றார்கள். சென்னையின் புழுக்கமும் புழுதியும் அதற்கு உதவாது. மிச்சி ஸ்மித் மலைகளை ஆராய்ந்து கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-இல் வானியல் வேலை மலையேறியது, நுங்கம்பாக்கத்துக்கு நேரமும் வானிலையும் மிஞ்சின. 1850-இல் நம் ஆய்வகத்துக்கு வாங்கிய 6 அங்குலத் தொலைநோக்கியும் கூடவே போனது. அதைப் புதுப்பித்துச் சூரியனைப் படம் பிடிக்கும் கருவியாக்கி, தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

கோடைக்கானல் என்றால் 1909-இல் ஜான் எவர்ஷெட் கண்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பது அது. பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மலையின் நிஜமான சொத்து அன்றாட வேலை. காலையில் பனி விலகியதும் குவிமாடத்தைத் திறக்க வேண்டும், கண்ணாடியைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும், மேகம் ஏறி வருவதற்குள் தகட்டில் படம் எடுத்துக் கழுவி, தேதி நேரம் எழுதி அடுக்க வேண்டும். மறுநாளும் அதே. 1904-லிருந்து இந்தப் படங்கள் சேர்ந்திருக்கின்றன. இந்த வேலையில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை இருந்திருக்கிறது. சூரியனின் ஏற்ற இறக்கம் ஒரு சுற்று வர ஏறத்தாழ 11 வருடம் ஆகும். எனவே ஒருவர் தன் பணிக்காலம் முழுவதும் படம் எடுத்தாலும் மூன்று சுற்றுதான் பார்ப்பார். அந்த அடுக்கில் பத்துச் சுற்று இருக்கிறது. இப்போது அவற்றை டிஜிட்டல் ஆக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் விண்வெளிக்கு எதற்கு என்று கேட்கலாம். 1979-இல் ஸ்கைலேப் விழப்போகிறது என்று ஊரே நடுங்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பாட்டி அன்று யாரையும் மாடிக்கு விடவில்லை. அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விழுந்ததற்குச் சூரியனும் ஒரு காரணம். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில் பூமியின் மேல்வளிமண்டலம் சூடாகி விரிகிறது, தாழ்வாகச் சுற்றும் விண்கலங்களை உரசி இழுக்கிறது. சூரியப் புயல் செயற்கைக்கோளின் மின்னணுக் கருவிகளையும் பழுதாக்கும். ஆகவே சூரியனைத் தினம் பார்ப்பவர், விண்கலம் அனுப்புபவருக்கு வேண்டியவராகிறார்.

1960-இல் கோடைக்கானல் இயக்குநராக வந்தவர் வேணு பாப்பு. அவருடைய தந்தையும் ஐதராபாத் நிஜாமியா ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பாப்பு 1968-இல் ஜவ்வாது மலைக் காவலூரில் இன்னொரு ஆய்வகத்தைத் தொடங்கினார். 1971-இல் இவையெல்லாம் சேர்ந்து இந்திய வான் இயற்பியல் மையம் ஆயின. தலைமையகம் பெங்களூருக்குப் போனது. 2015-இல் அஸ்ட்ரோசாட் சுமந்து சென்ற புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணியை அந்த மையம் முன்னின்று நடத்தியது. ஆதித்யாவின் ஏழு கருவிகளில் பெரியதான வெல்க் அதே மையத்தின் ஹொஸ்கோட்டே ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 2023 ஜனவரி 26 அன்று இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அது என்ன செய்கிறது தெரியுமா? சூரிய வட்டை உள்ளுக்குள்ளேயே மறைத்துச் செயற்கையாகக் கிரகணம் உண்டாக்குகிறது. ரகுநாதாச்சாரி காலத்தில் கிரகணத்தின் சில நிமிடங்களில் மட்டுமே பார்க்க முடிந்ததை, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, இரவும் மேகமும் இல்லாத இடத்திலிருந்து பார்க்கிறது. பையனுக்குப் பதில் இதுதான்.

2024 ஜனவரி 6 அன்று ஆதித்யா தன் இடத்தை அடைந்தது. 1986-இல் காவலூரின் பெரிய தொலைநோக்கியைத் திறந்து பாப்புவின் பெயரைச் சூட்டியதும் ஒரு ஜனவரி 6-இல்தான். அதற்கு மூன்றரை வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார்.

விண்கலத்துக்குத் திட்டமிட்ட ஆயுள் ஐந்து வருடம். பதினோரு வருடச் சுற்றில் அது பாதிகூட இல்லை. அது அனுப்புவதைப் பழைய காலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் கோடைக்கானல் அடுக்குக்குத்தான் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தத் துறை எப்படி என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போகலாம். இயற்பியல் மட்டும்தான் வழி என்று எண்ண வேண்டாம். ஒளியியல், இயந்திரவியல், மென்பொருள் பொறியாளர்கள் இல்லாமல் வெல்க் உருவாகியிருக்காது. அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வரும் மே மாதம் கோடைக்கானல் போகிறவர்கள் படகு சவாரிக்கு நடுவே ஆய்வகத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கே அந்த 6 அங்குலத் தொலைநோக்கியைப் பற்றிக் கேளுங்கள். அது நம் பேட்டைக்காரர்.