நடுநிலை நாட்டு வழியா ரயில் விடலாமா? ஒரு குட்டி வரலாற்று த்ரெட்

'ஆக்சிஸ் அண்ட் அல்லீஸ்' ஆடினவங்களுக்கு இந்தச் சண்டை பழக்கம். "சுவீடன் வழியா என் படையை நகர்த்தலாமா, கூடாதா?" ராத்திரி பதினோரு மணிக்கு விதிப்புத்தகத்தைப் பிரிச்சு வச்சு உட்கார்ந்திருப்போம்.

தெரியாதவங்களுக்கு: இரண்டாம் உலகப் போரை மேசைமேல ஆடுற போர்டு கேம் இது. 1984 பதிப்பில் விதி ரொம்ப எளிது. வங்கிக்கு 3 கட்டு, நடுநிலை நாட்டுக்குள்ள போ. (டோல்கேட் மாதிரி!)

பிறகு வந்த 'குளோபல் 1940'-இல் கெடுபிடி அதிகம். கறாரான நடுநிலை நாடு ஒண்ணைத் தாக்கினா, அதே ரகத்தில் மிச்சம் இருக்கிற அத்தனை நாடும் எதிரி பக்கம் சாஞ்சிரும். தாக்காம சும்மா கடந்து போக வழியே இல்ல. விமானத்துக்கும் அதே விதிதான்.

அதாவது ஒதுங்கிப் போ, இல்லன்னா அடி. நிஜப் போரில் மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. டாக்டரா என்னை உறுத்துறது அதுதான்.

1907 ஹேக் உடன்படிக்கை. நடுநிலை மண் வழியா படையோ தளவாடமோ கொண்டுபோகக் கூடாதுன்னு அதன் 2ஆம் பிரிவு சொல்லுது. ஆனா 14ஆம் பிரிவில் ஒரு விலக்கு: காயம்பட்டவங்களையும் நோயாளிகளையும் அந்த நாடு அனுமதிக்கலாம். அந்த ரயிலில் படையாளும் ஆயுதமும் இருக்கவே கூடாது.

1940 ஏப்ரல் 9. ஜெர்மனி நார்வேக்குள்ள நுழையுது. வடக்கே நார்விக்கில் இறங்கின மலைப்படைக்குத் துணையா வந்த 10 போர்க்கப்பலும் சில நாளில் காலி. கடல் வழி அடைபட்டுப் போச்சு. முதுகுப்பக்கம் சுவீடன் எல்லை, அங்கிருந்து ஒரு ரயில் பாதை.

ஜெர்மனி கேட்டது உணவும் மருந்தும் மருத்துவப் பணியாளர்களும். சுவீடன் விட்டுச்சு. பட்டினி கிடக்கிறவனுக்குச் சோறு, காயத்துக்குக் கட்டு. எந்த டாக்டர் வேண்டாம்னு சொல்லுவார்? ஆனா சோறும் மருந்தும் கிடைச்ச படை நின்னு சண்டை போடும். அதுவும் நடந்துச்சு. ஜூனில் நேச நாட்டுப் படைகள்தான் நார்விக்கை விட்டுக் கிளம்பின. பிரான்ஸில் நிலைமை அவ்வளவு மோசம்.

கதவு ஒருதரம் திறந்தா தெரியும்ல? அடுத்து, 1940 ஜூலையில் 'விடுப்பில் போற வீரர்கள்'னு ஒப்பந்தம். மூணு வருஷத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள்! 1941 கோடையில் விடுப்பு என்கிற சாக்குகூட இல்ல. ஜெர்மனியின் 163ஆம் காலாட்படைப் பிரிவு முழுசா நார்வேயிலிருந்து ஃபின்லாந்துக்கு சுவீடன் ரயிலில் போச்சு. ஆக்கிரமிப்புக்குக் கீழ கிடந்த நார்வேக்காரங்களுக்கு இதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்!

சுவீடனைத் திட்டுறது சுலபம். சுத்தியும் ஜெர்மன் படை, மறுத்தா அடுத்த குறி அவங்கதான். போரின் போக்கு மாறின பிறகு, 1943 ஆகஸ்டில் அந்த விடுப்பு ரயில்களை நிறுத்தினாங்க. ரெண்டே மாசத்தில், டென்மார்க்கிலிருந்து படகில் தப்பி வந்த 7,000க்கும் மேற்பட்ட யூதர்களுக்கு இடம் கொடுத்ததும் இதே சுவீடன்தான்.

அடுத்த ஆட்டத்தில் எங்க செட்டுக்கு ஒரு வீட்டு விதி வைக்கலாம்னு இருக்கேன். சுவீடனுக்குன்னு தனியா ஒரு ஆட்டக்காரர். ஒவ்வொரு சுற்றிலும் ஜெர்மனி ஒரு ரயில் கேட்கும், அவர் பதில் சொல்லணும். யார் உட்கார ரெடி?