மலபார் சடங்குச் சர்ச்சையும் சம்பா கோவில் சுவரும்

தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் பழைய வழக்கங்களில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது குறித்து 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நடந்த நெடிய விவாதம் மலபார் சடங்குச் சர்ச்சை எனப்படுகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபார்’ என்றே அழைத்தார்கள். விவாதம் உச்சத்தை எட்டிய இடம் புதுச்சேரி. அங்கே மிஷன் வீதியில் இருக்கிறது சம்பா கோவில். இன்றைய கட்டடம் 1791இல் முடிந்தது. இங்கு பேசப்படும் பழைய கோவில், 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அழிந்துபோனது.

விவாதத்துக்கு வித்திட்டவர் ராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரை வந்த இந்த இயேசு சபைத் துறவி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமூக வழக்கங்களே, பிற சமய வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். நொபிலியின் வாதம் பெருமளவு சரியானது. ஒருவர் கிறிஸ்தவராவதற்குப் போர்த்துக்கீசியராக மாற வேண்டியதில்லை. ஆனால் சமூக வழக்கம் என்ற அதே வாசல் வழியே சாதியும் உள்ளே வந்தது. 1640 முதல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கெனப் ‘பண்டாரசுவாமி’கள் என்ற தனிக் குருக்கள் வகுப்பே உருவானது.

புதுச்சேரியில் இயேசு சபையாருக்கும் கப்புச்சின் துறவியருக்கும் பூசல் முற்றியிருந்த வேளையில், 1703 நவம்பரில், திருத்தந்தையின் தூதராக வந்திறங்கினார் மயார் தெ தூர்னோன். சீனாவுக்குப் போகும் வழியில் எட்டு மாதங்கள் தங்கினார். 1704 ஜூன் 23 என்று தேதியிட்ட அவரது ஆணை தடைகளை அடுக்கியது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, குழந்தைத் திருமணம் கூடாது, திருநீறு கூடாது, மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோவிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கக் கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோவில் விழாக்களில் வாசிக்கக் கூடாது.

இவற்றோடு ஒரு கட்டளையும் இருந்தது: பறையர் ஒருவர் நோயுற்றால் குரு அவர் வீட்டுக்குள்ளேயே போய் அருளடையாளங்களை வழங்க வேண்டும். நோயாளியைத் தூக்கி வெளியே கொண்டுவரச் செய்வது அதுவரை வழக்கமாக இருந்தது. ஆணையிலேயே மிகக் கிறிஸ்தவத்தன்மை கொண்ட பகுதி இதுதான். கடும் எதிர்ப்புக்கு உள்ளான பகுதிகளுள் இதுவும் ஒன்று. மேல்சாதியார் மதத்தை விட்டே போய்விடுவார்கள் என்பது இயேசு சபையாரின் அச்சம். தங்கள் சபையை நிறுவி, தேர்ந்து தெளிதலுக்கு விதிகள் வகுத்த இஞ்ஞாசியாரின் பிள்ளைகள் அவர்கள். பலர் வெயிலிலும் பசியிலும் உழைத்து இந்த மண்ணிலேயே மடிந்தவர்கள். ஆனாலும் இழப்பு பற்றிய அச்சம் அவர்களது தெளிவைக் கலைத்தது.

நாற்பது ஆண்டு முறையீடுகளுக்குப் பின், 1744 செப்டம்பர் 12இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை வெளியிட்டார். சடங்குத் தடைகள் பெரும்பாலும் நிலைத்தன. பறையர் விஷயத்தில் மட்டும் சமரசம்: அவர்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிக்கலாம் என்ற இயேசு சபையாரின் யோசனை ஏற்கப்பட்டது. நெற்றித் திருநீறு அளவுக்குக்கூடத் தீண்டாமை உரோமைக்குப் பெரிதாகப் படவில்லை.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலம் அது. சம்பா கோவிலுக்குள் வடபுறம் ஒரு சுவர். ஒரு பக்கம் பறையர், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். 1745 அக்டோபரில் நடந்ததைப் புதுச்சேரி வணிகரான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் கொடுத்த ஊக்கத்தில் பறையர்கள் திரண்டுபோய், நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே, எங்களுக்கு ஏன் இந்தப் பிரிவினை என்று மூத்த குருவிடம் கேட்டார்கள். நியாயத்தை உணர்ந்த அவர் சுவரை அகற்றச் செய்தார். நகரின் செல்வாக்குள்ள சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். உரோமையில் நாற்பது ஆண்டு நடந்த விவாதத்தைவிட இந்த ஒரு கேள்வியில் உண்மை தெளிவாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சடங்குகள் குறித்து மறைப்பணியாளர்கள் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940இல் நீக்கப்பட்டது. குத்துவிளக்கும் பொட்டும் இன்று யாரையும் கலக்குவதில்லை, சாதி கலக்குகிறது. சம்பா கோவில் அடங்கிய புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சமமரியாதை மறுக்கப்பட்ட தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் எதிர்த்தரப்பைச் சேர்ந்த இரண்டு கிறிஸ்தவர்கள் இறந்தார்கள். சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து 2003இலேயே தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் பேசியிருந்தார். திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இன்னும் நடக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.