ரஸ்டிகஸும் கிரசண்டும்: ஒரே கம்பெனி, இரண்டு ஊர்கள்

இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் ரோந்து போகும் காவல்காரன் நேரம் சொல்லிக் கூவுவான் இல்லையா, அதோடு சேர்த்து கிழக்கிந்தியக் கம்பெனி வருகிறது, ஜாக்கிரதை என்றும் கூவச் சொல்லுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். சொன்னவர் மதராஸ்காரர் இல்லை, கல்கத்தாக்காரரும் இல்லை. பிலடெல்பியாக்காரர். 1773 நவம்பரில், 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் அச்சான ஒரு கடிதத்தில் இது வருகிறது. எழுதியவர் ஜான் டிக்கின்ஸன் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு.

அமெரிக்க விடுதலை என்றால் நமக்கு வாஷிங்டன், ஜெபர்சன், பிராங்க்ளின் என்று மூன்று பெயர் வரும். கொஞ்சம் படித்தவர்கள் தாமஸ் பெயினைச் சேர்ப்பார்கள். டிக்கின்ஸன் பெயர் வராது. ஆனால் 1768-இல் அந்தப் பக்கம் கட்டுரை எழுதுகிறவர் யார் என்று கேட்டிருந்தால் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். 1732-இல் மேரிலாந்தில் பிறந்தவர், லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்தவர். 1767 டிசம்பரில் ஆரம்பித்து 'பென்சில்வேனியா விவசாயியின் கடிதங்கள்' என்று பன்னிரண்டு கடிதங்கள் எழுதினார். காலனிகளின் பெரும்பாலான பத்திரிகைகள் அவற்றை மறுபதிப்பு செய்தன. லண்டனில் பிராங்க்ளினே முன்னுரை எழுதி வெளியிட்டார்.

கடிதங்களின் வாதம் ஒரு வக்கீலின் வாதம்தான். வணிகத்தை ஒழுங்குபடுத்த பார்லிமெண்ட் சுங்கம் போடலாம்; எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத சபை, வருமானம் திரட்டுவதற்காக எங்கள்மேல் வரி போடக்கூடாது. வரி சின்னதா பெரியதா என்பது கேள்வியே இல்லை, சின்ன வரியை ஒத்துக்கொண்டால் அதுவே முன்னுதாரணம் ஆகிவிடும் என்கிறார். ஆனால் எழுத்து வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்காது. ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பண்ணை, கொஞ்சம் வேலையாட்கள், வட்டிக்கு விட்ட கொஞ்சம் பணம், வாசிக்கப் புத்தகங்கள், இது போதும் என்று வாழ்கிற ஒரு மனிதன் பேசுவதுபோல ஆரம்பிக்கிறார். கோபமே படமாட்டார். கடிதத்தின் முடிவில் ஒரு லத்தீன் வரி வைப்பார். படிக்கிறவனுக்கு, இவ்வளவு சாதுவான ஆளே பயப்படுகிறான் என்றால் விஷயம் பெரிசுதான் என்று தோன்றும். அந்த உத்தி பலித்தது.

அந்த 'வேலையாட்கள்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். டிக்கின்ஸன் பெரிய நிலச்சுவான்தார். ஏர் பிடித்தவர் இல்லை. அவர் குடும்பத்திடம் அடிமைகள் இருந்தார்கள். சம்மதம் இல்லாமல் வரி கட்டுகிறவன் அடிமை என்று கடிதங்களில் எழுதிய அதே காலத்தில் அவரே அடிமைகளின் சொந்தக்காரர். பிற்பாடு 1777-இல் நிபந்தனையோடு விடுதலைப் பத்திரம் எழுதி, 1780களில் முழுக்க விடுவித்தார். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களில் இது பலர் செய்யாத காரியம். ஆனால் கடிதங்கள் எழுதும்போது அது நடக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது ரஸ்டிகஸுக்கு வருகிறேன். 1773 தேயிலைச் சட்டம் கம்பெனிக்காகவே போடப்பட்டது. கம்பெனி கடனில் மூழ்கியிருந்தது, கிடங்கில் சீனத் தேயிலை தேங்கிக் கிடந்தது, அதை நேராக அமெரிக்காவில் இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள். பாஸ்டனில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். பிலடெல்பியாவில் கொட்டவே இல்லை. 'பாலி' என்ற கப்பலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கெல்லாம் கொஞ்சம் முன்னால், சூடு ஏறிக்கொண்டிருந்தபோதுதான் ரஸ்டிகஸ் எழுதுகிறார். அவர் எடுத்த ஆதாரம் இந்தியா. ஆசியாவில் இந்தக் கம்பெனி சட்டத்தையோ மனித உயிரையோ மதிக்கவில்லை, போர் மூட்டியது, அரசர்களைக் கவிழ்த்தது, ஒரே வருஷத்தில் பதினைந்து லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள் என்று கேள்வி, அதுவும் விளைச்சல் இல்லாததால் இல்லை, அத்தியாவசியப் பொருளை இவர்கள் முடக்கியதால் என்கிறார். அவர் சொல்வது 1769-70 வங்காளப் பஞ்சம்.

இதை முதலில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியம்தான். எங்கேயோ ஒரு பிலடெல்பியா வக்கீலுக்கு நம்ம ஊர்ப் பஞ்சம் தெரிந்திருக்கிறது, அதுவும் மூணு வருஷத்துக்குள். இரண்டாம் தடவை வாசித்தால் ஆச்சரியம் கொஞ்சம் இறங்கும். வங்காளத்தான் அவருக்கு எச்சரிக்கைப் பலகை. அவனுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்பதுதான் வாதமே தவிர, அவனுக்கு நடந்ததை நிறுத்த வேண்டும் என்று இல்லை. அப்படி எழுத அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வங்காளத்தானோ மதராஸ்காரனோ தனக்காக அந்த மாதிரி ஒரு கடிதம் எப்போது எழுதினான் என்ற கேள்வி அங்கேதான் எனக்கு ஆரம்பித்தது.

நடுவில் ஒரு சின்ன விஷயம். டிக்கின்ஸன் வரிக்கு எதிராக எழுதிய அதே காலகட்டத்தில் இங்கே கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் லாலி முற்றுகை போட்டதில் வந்த பயம். மதிலுக்கான செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாகப் பிடிக்க நினைத்தார்கள். கடைசிவரை வசூல் ஆகவில்லை. சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் மிச்சம். பாஸ்டன்காரன் தேயிலையைக் கடலில் கொட்டினான், நம்மாள் பேசாமல் கட்டாமல் விட்டான்.

எழுதியவர் என்று பார்த்தால், மதராஸில் நாம் போய் நிற்க வேண்டியது காஜுலு லட்சுமிநரசு செட்டியிடம். 1806-இல் பிறந்தவர், தெலுங்கு வணிகக் குடும்பம், அவுரியும் துணியும் வியாபாரம். கட்டுரையாளர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பத்திரிகையை வாங்கி, 'கிரசண்ட்' என்று பெயர் மாற்றி, 1844 அக்டோபரில் வெளியிட்டார். ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயர். பத்திரிகை வருகிறது என்ற விளம்பரத்தை அரசாங்கக் கெஜட்டில் போட மறுத்துவிட்டார்கள். அதிலேயே அரசாங்கம் அதை எப்படிப் பார்த்தது என்று புரியும்.

பிலடெல்பியாவில் பணக்கார வக்கீல் விவசாயி வேஷம் போட்டார். மதராஸில் பணக்கார வணிகர் ஒரு வெள்ளைக்காரரின் பேனாவை வாடகைக்கு எடுத்தார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: யார் குரலில் சொன்னால் கேட்பார்கள் என்ற கணக்கு.

1852 பிப்ரவரியில் அவர் முன்நின்று மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன் தொடங்குகிறது. நேரம் தற்செயல் இல்லை. கம்பெனியின் சாசனம் இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அடுத்தது 1853. எங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், வருஷாந்திர காண்ட்ராக்ட் ரினியூவல் சமயத்தில்தான் கஸ்டமர் பழைய டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் போடுவான். அசோசியேஷன் பார்லிமெண்டுக்கு அனுப்பிய மனு அப்படித்தான் இருக்கிறது. மேலே 'பணிவான' என்று ஆரம்பிக்கும், உள்ளே பணிவு இருக்காது. நிலவரி, சாலை இல்லாதது, பாசனம் பாழானது, பள்ளிக்கூடம், கோர்ட்டு என்று போகும். மொதுர்பா வரி என்று ஒன்று. தச்சர், நெசவாளி, உலோக வேலை செய்கிறவன், கடை வைத்தவன் என்று தொழில் செய்கிற ஒவ்வொருவன் தலையிலும் விழுந்த வரி. அதை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிற பகுதியைப் படித்தால் போதும், மனு எழுதியவனுக்கும் எழுத்துக் கலை தெரியும் என்று சொல்லிவிடலாம். உவமை கிடையாது, அலங்காரம் கிடையாது. பட்டியலின் நீளமே குற்றச்சாட்டு.

உப்பும் அதில் உண்டு. 1805-இலிருந்து இந்த மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம். விளைவிக்கிறவன் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும், கம்பெனி வைத்த விலைக்குத்தான் ஜனங்கள் வாங்க வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளம் இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1806-இல் வெட்டிய காக்ரேன் கால்வாய், பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் ஆனது, மதராஸையும் எண்ணூரையும் இணைத்தது. உப்பை அம்பாரம் போடுகிற இடத்துக்கு நம்ம சொல் கொட்டாரம். அது வெள்ளைக்காரன் வாயில் 'கோட்டார்' ஆகி, இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்று ரயில்வே யார்டுக்குப் பெயராக நிற்கிறது. ஊர்ப்பெயரைத் தோண்டினால் பாதி வரிக்கணக்கு வரும் போலிருக்கிறது.

மனுவுக்கு உடனடிப் பலன் பூஜ்யம். 1853 சட்டம் கம்பெனியின் ஆட்சியை நீட்டித்தது. ஆனால் அந்த வருஷம் இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவரான டான்பி சீமர் என்ற எம்.பி. மதராஸ் வந்தார். லட்சுமிநரசு அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துப் போனார், வரி வசூலுக்கு நடக்கிற சித்திரவதையை நேரில் கேட்க வைத்தார். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் சீமர் பேசியதும் பெரிய சங்கடம் ஆகிவிட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன் என மூன்று பேர் கமிஷன் போட்டார்கள். 1855-இல் அறிக்கை வந்தது.

கிட்டி என்பது விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவது. அண்ணாந்தாள் என்பது உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி, அப்படியே மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்துவது. இரண்டு சொல்லும் அந்த ஆங்கில அறிக்கைக்குள் தமிழாகவே இருக்கின்றன. குறுகிய காலத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் புகார்கள் வந்தன, நேரிலும் தபாலிலும். சித்திரவதை உண்டு, வரிக்காகவும் உண்டு, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசி சிப்பந்திகள் மேல் போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளை விட்டுவிட்டது. தாசில்தார் அடித்தான், கலெக்டருக்குத் தெரியாது. அந்த வரித் தொகையை நிர்ணயித்தது யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

லட்சுமிநரசுவை இதற்காக எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அதே சமயம் அவருடைய 'நாங்கள்' எதுவரை நீளும் என்பதையும் பார்க்க வேண்டும். மதம் மாறினவனுக்கும் ஜாதியை இழந்தவனுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று 1850-இல் 21-ஆம் சட்டம் வந்தது. அதை எதிர்த்து மதராஸ் இந்துக்கள் பெயரில் போன மனுக்களின் பின்னாலும் அவர் நின்றார். மிஷனரிகள் அரசாங்கத்தின் நிழலில் வேலை செய்கிறார்கள் என்ற அவர் புகாரில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்ததன் பலன், ஜாதிக்கட்டை உடைத்தவன் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதுதான். கிட்டியில் விரல் நசுங்கின விவசாயிக்காகப் பேசிய அதே ஆள், மதம் மாறிய மகனைச் சொத்தில்லாமல் துரத்தவும் உரிமை கேட்டார். டிக்கின்ஸனின் 'வேலையாட்கள்' எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான். காலத்தின் குறை என்று சொல்லித் தாண்டிப் போக எனக்கு மனசில்லை, ஏனென்றால் இரண்டு பேருமே தங்கள் காலத்தைவிடக் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

அந்த மதராஸ் அறிக்கை அமெரிக்காவுக்கும் போனது. 1857-இல் சிப்பாய்களின் கொடூரம் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகள் கத்திக்கொண்டிருந்தபோது, நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் செப்டம்பர் 17 அன்று பெயர் போடாத ஒரு தலையங்கம் வந்தது. இந்தியாவில் சித்திரவதை பற்றிய விசாரணை என்று தலைப்பு. எழுதியது லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ். கமிஷன் வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டதை அவர் விடவில்லை; புகார் கொடுக்க அந்த விவசாயிக்கு வழியே இல்லாதபோது அதிகாரிக்குத் தெரியாது என்பதில் என்ன இருக்கிறது என்கிற ரீதியில் அறிக்கையின் சாட்சியங்களையே எடுத்து வைத்தார். ரஸ்டிகஸ் வங்காளத்தை வதந்தியாகக் கேட்டு எழுதி 84 வருஷம் ஆகியிருந்தது. இந்தத் தடவை அமெரிக்க வாசகன் கையில் போனது இங்கே புகார் கொடுத்தவர்களே சொன்னது.

கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தது. லட்சுமிநரசுவுக்கு அரசாங்கம் பட்டம் கொடுத்தது, சட்டசபையில் இடமும் கொடுத்தது. 1868-இல் அவர் இறந்தபோது கையில் பணம் இல்லை. பத்திரிகையும் சங்கமும் வியாபாரத்தைத் தின்றிருந்தன. உப்பு வரி மகாராணி ஆட்சியிலும் தொடர்ந்தது. அத்திப்பட்டு உப்பள ஆட்களிடம் அது எப்படி வசூலானது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.