மரம் போனது, ஒரு வரி நின்றது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயிண்ட் குராய் ஆற்றங்கரையில் ஸ்டில்வாட்டர் என்றொரு ஊர் இருக்கிறது. மினசோட்டா பிறந்த ஊர் என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். 1843இல் சிலர் கூட்டுச் சேர்ந்து மரக் கம்பெனி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அறுவை ஆலை ஓடியது. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. வழக்கமான வரலாறு இங்கிருந்துதான் தொடங்கும். நாங்கள் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறோம்: அந்த ஆலையில் அறுபட்ட மரம் யாருடையது?

ஆற்றங்கரை ஊருக்கும் மரத்துக்கும் உள்ள உறவு எளிமையானது. வெள்ளைப் பைன் எடை குறைந்த மரம். தண்ணீரில் நன்றாக மிதக்கும். குளிர்காலத்தில் வெட்டி, உறைந்த பனிமேல் இழுத்து ஆற்றோரம் அடுக்குவார்கள். பனி உருகி வெள்ளம் வந்ததும் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உடைமையாளரின் முத்திரை அடித்திருக்கும். 1856 முதல் ஸ்டில்வாட்டருக்குச் சற்று மேலே, ஆற்றில் மிதக்கும் தடுப்பு ஒன்று அமைத்துக் கட்டைகளை நிறுத்தினார்கள்; முத்திரை பார்த்துப் பிரித்தார்கள். ஒரு பகுதி உள்ளூர் ஆலைகளுக்குப் போனது. மீதி தெப்பமாகக் கட்டப்பட்டு, மிசிசிப்பி வழியாகத் தெற்கே இருந்த ஊர்களுக்கு மிதந்து போனது. மரமில்லாத புல்வெளிகளில் வீடுகளும் கொட்டகைகளும் எழும்பின.

கட்டைக்குக் கட்டை முத்திரை குத்தி உடைமையைக் காத்தவர்கள், காடு எப்படிக் கைக்கு வந்தது என்பதை மட்டும் இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

அது வந்தது 1837இல். அந்த ஆண்டு ஜூலையில், விஸ்கான்சின் பிரதேச ஆளுநர் ஹென்றி டாட்ஜ், ஓஜிப்வே மக்களின் தலைவர்களோடு ஸ்னெல்லிங் கோட்டைப் பகுதியில் பேச்சு நடத்தினார். அரசுக்கு வேண்டியது பைன் மரம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஏறத்தாழ 1.3 கோடி ஏக்கர் எழுதி வாங்கப்பட்டது. விலையாக, 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 35,000 டாலர் பெறுமான பணமும் பொருள்களும் உதவிகளும். மக்கள் பட்ட கடன் என்று சொல்லி 70,000 டாலர் வியாபாரிகளுக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் டகோட்டா மக்களிடமிருந்து மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் வாங்கப்பட்டது. ஸ்டில்வாட்டர் நிற்கும் மண் டகோட்டாக்களுடையது. அங்கே மிதந்து வந்த பைன் ஓஜிப்வேக்களின் காட்டிலிருந்து வந்தது.

ஓஜிப்வே தலைவர்கள் ஏமாளிகள் அல்ல. நிலத்தைத் தருகிறோம், ஆனால் மரத்திலிருந்து சர்க்கரை காய்ச்சவும் ஏரியிலும் ஆற்றிலும் பிழைக்கவும் எங்களுக்குள்ள உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று பேச்சுவார்த்தையிலேயே சொன்னார்கள். வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டு அரிசி சேகரிக்கவும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில் எழுதப்பட்டது. கூடவே ஒரு கொக்கியும் போட்டார்கள்: குடியரசுத் தலைவர் விரும்பும் காலம் வரை.

அந்தக் கொக்கியை இழுக்க 13 ஆண்டுகூட ஆகவில்லை. 1850 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் சக்கரி டெய்லர் அந்த உரிமையை ரத்து செய்து, மக்களை வெளியேறச் சொன்னார். ஆண்டுத் தொகையை வழக்கமான இடத்தில் கொடுக்காமல், தொலைவிலுள்ள சாண்டி ஏரிக்கு இலையுதிர் காலத்தில் வரவழைத்தார்கள். குளிர்காலம் வந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது என்பது கணக்கு. வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது கெட்டுப்போன உணவு. அம்மையும் வயிற்றுப்போக்கும் பரவின. அங்கேயும் திரும்பும் வழியிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 400 பேர். அதே ஆண்டுகளில்தான் ஸ்டில்வாட்டரில் மரம் அறுபட்டுக் காசாகிக்கொண்டிருந்தது. ஊரின் வளர்ச்சியும் சாண்டி ஏரிச் சாவுகளும் வேறு வேறு அத்தியாயங்கள் அல்ல. இரண்டுக்கும் அடியில் இருப்பது அதே 1837 ஒப்பந்தம்.

மரம் எவ்வளவு நாள் வரும்? 1914இல் அந்தத் தடுப்பில் கடைசிக் கட்டையைப் பிரித்துவிட்டு மூடினார்கள். காடு தீர்ந்தது; முதலாளிகள் மரம் இருக்கும் மேற்கு நோக்கி ஏற்கெனவே நகர்ந்திருந்தார்கள்.

ஓஜிப்வே மக்கள் நகரவில்லை. 1855இல் மிலாக்ஸ் ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தையும் வெள்ளையர்கள் அரித்துத் தின்றார்கள். மாநிலச் சட்டத்தைக் காட்டி மீன் பிடிப்பதையும் குற்றமாக்கினார்கள். மிலாக்ஸ் ஓஜிப்வேக்கள் அந்த ஐந்தாவது பிரிவை விடவில்லை. 1990இல் மினசோட்டா மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 1999 மார்ச் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: 1850 ஆணைக்குச் சட்ட அடிப்படை இல்லை, 1837இல் எழுதிய உரிமை இன்றும் உயிரோடிருக்கிறது.

162 ஆண்டுகள். வெட்டிய மரத்தைத் தீர்ப்பு திருப்பித் தரவில்லை, செத்தவர்களையும் தரவில்லை. ஆனால் பேரம் பேச வலிமையற்ற நாளிலும் முன்னோர் கேட்டு எழுதி வாங்கிய ஒரு வரி, அறுவை ஆலைகளைவிட நீண்டநாள் நின்றது. அந்த வரி தானாக நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர்கள் நிறுத்தினார்கள்.

ஓர் ஊரின் வரலாறு என்று யாராவது நம் கையில் புத்தகத்தைக் கொடுத்தால், ஆலை முதலாளியின் படத்தைப் புரட்டிவிட்டு அதற்கு முந்தைய பக்கத்தைத் தேடுவோம். அந்தப் பக்கம் இல்லையென்றால், அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.