நீவிவிட்ட கை

உடம்பு பிடித்துவிடுவதற்கு இன்று உலகமெல்லாம் வழங்கும் சொல் 'மசாஜ்'. அது பிரெஞ்சுச் சொல் என்பது பலருக்குத் தெரியும். பிரெஞ்சு எழுத்தில் அது முதன்முதலாக எங்கே தலைகாட்டுகிறது என்று அகராதிக்காரர்கள் தேடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அகப்பட்ட பழைய சாட்சி எந்தப் பாரிஸ் வைத்தியரும் எழுதியதல்ல. புதுச்சேரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போன ஒரு வானசாஸ்திரி எழுதியது.

கியோம் லெ ழாந்தி என்பது அவர் பெயர். அவரைப் போல அதிர்ஷ்டம் கெட்ட மனிதரைச் சரித்திரத்தில் காண்பது அரிது. 1761 ஜூன் 6ஆம் தேதி சுக்கிரன் சூரியனைக் கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்த்துக் கணக்கெடுப்பதற்காக, 1760-இல் பிரான்ஸை விட்டுக் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பிற்று. அதன் மேல்தளத்தில் நின்று சுக்கிரனைப் பார்த்தார். ஆனால் ஆடுகிற தளத்தில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. எட்டு வருஷம் கழித்து அது மறுபடி நிகழும் என்று தெரிந்து, வீட்டுக்குப் போகாமல் கீழைக் கடல்களிலேயே காத்துக் கிடந்தார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி விடியற்காலை மேகம் வந்து சூரியனை மூடிற்று. சுக்கிரன் கடந்து முடிந்த பிறகு வானம் வெளுத்தது. 1771-இல் பிரான்ஸ் திரும்பினால், அவர் இறந்துவிட்டார் என்று உறவினர் சொத்தைப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள்.

ஆகாயம் கைவிட்ட அந்த மனிதர் பூமியை நன்றாகக் கவனித்தார். சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் தமிழரிடம் பாடம் கேட்டார். 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் அந்தக் கணக்குக்கு 41 விநாடிதான் பிசகு. ஐரோப்பாவில் பெயர்பெற்ற மாயர் என்பவரின் அட்டவணைக்கு 68 விநாடி பிசகு. அப்படிப் பார்த்ததையும் கேட்டதையும் எல்லாம் எழுதி வைத்தார். 1779-இல் பாரிஸில் வெளிவந்த அந்தப் பிரயாண நூலின் முதல் பாகத்தில் 'மாஸே' என்ற வினைச்சொல் வருகிறது. உடம்பை நீவுவது, பிசைவது என்று பொருள். 'தொடுதல்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது ஒரு கட்சி. மாவு பிசைவதைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் இந்தியக் கரையில் புழங்கிப் பிரெஞ்சுக்காரர் வாய்க்குப் போயிற்று என்பது மறு கட்சி. நான் அகராதிக்காரன் அல்ல. கதை எழுதுகிறவனுக்கு வேறொரு கேள்வி தோன்றுகிறது. நீவிய கை யாருடையது?

நம் ஊர்களில் அந்தக் கை பெரும்பாலும் நாவிதருடையது. அவருக்கு மருத்துவர் என்றும் பெயர் உண்டு. அது வெறும் மரியாதைக்கு வைத்த பெயரல்ல. சிரைப்பது போக, கட்டியைக் கீறுவதும், சுளுக்கு எடுப்பதும், உடம்பு பிடித்துவிடுவதும் அவர் வேலை. அவர் மனைவி பிரசவம் பார்ப்பாள். சித்த வைத்தியத்தில் இந்தக் கலைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. இவ்வளவு வகுத்து வைத்த சமூகம், கையால் அதைச் செய்தவரைக் கொல்லைப்புற வழியாக வரச் சொல்லிற்று. கூலியாக அறுவடையில் நெல் அளந்தது. அவர் தொட்டால் வலி போகும், ஆனால் தீட்டு வரும்!

ஐரோப்பாவிலும் இந்தத் தொழிலுக்கு எடுத்த எடுப்பில் மரியாதை கிடைத்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மெட்ஸ்கர் என்ற டச்சு டாக்டர் நீவல், பிசைதல், தட்டுதல் என்று இதை வகைப்படுத்திப் பிரெஞ்சுப் பெயர்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். லண்டனிலோ மசாஜ் விடுதி என்றாலே ஜனங்கள் முகத்தைச் சுளிக்கும் நிலைமை. 1894-இல் நான்கு நர்ஸுகள் சேர்ந்து, தங்கள் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். பிரான்ஸில் 1946 ஏப்ரல் 30ஆம் தேதிச் சட்டம் இதை அரசாங்கப் பட்டயம் பெற்ற தொழிலாக்கிற்று. அந்தத் தொழிலின் பெயரிலேயே 'மாஸர்' என்ற சொல் நிற்கிறது. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. அது இறங்கியது 1954 நவம்பர் முதல் தேதி.

இந்தக் கைக்கு ஒரு புது வேலையும் பின்னால் வந்து சேர்ந்தது. தேய்ந்த முழங்காலுக்கு 1890-இலேயே பெர்லினில் குளுக் என்பவர் தந்தத்தால் மூட்டு செய்து பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1974-இல் நியூயார்க்கில் இன்சால் முதலியவர்கள் உலோகமும் பிளாஸ்டிக்குமாக அமைத்த மூட்டுதான் இன்று எங்கும் பொருத்துகிற மூட்டுகளுக்கு மூதாதை. சர்ஜன் இரண்டு மணி நேரத்துக்குள் தம் வேலையை முடித்துவிடுவார். அதற்கப்புறம் வாரக்கணக்கில் நடப்பது கையின் வேலை. கால் வீங்கிக் கிடக்கும். தொடையின் முன்தசை தூங்கிவிடும். தழும்பு அடித்தசையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். பிசியோதெரபிஸ்ட் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெல்ல நீவி நீரை ஏற்றுகிறார். முழங்கால் சில்லைப் பக்கவாட்டில் அசைக்கிறார். புண் முற்றிலும் ஆறிய பிறகு தழும்பைக் கட்டைவிரலால் நகர்த்திவிடுகிறார். சமதரையில் நடக்க 65 டிகிரி அளவுக்கு முழங்கால் மடங்கினால் போதும். மாடிப்படிக்கு 90 வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க 100க்கு மேல் வேண்டும். முதல் மூன்று மாதத்தை வீணாக்கினால் பின்னால் மடக்குவது கஷ்டம்.

நீவுவதனால் மட்டும் முழங்கால் மடங்கிவிடாது. வலியும் வீக்கமும் தணிந்து, பயிற்சிக்கு வழி திறக்கும்; மடக்குகிறவர் நோயாளிதான். பச்சைப் புண்ணின் மேல் தைலம் தடவக் கூடாது. ஆடுசதை வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே அமுக்கவே கூடாது. இரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். எங்கே தொடக் கூடாது என்று அறிந்திருப்பதும் இந்தத் தொழிலில் பாதி.

புதுச்சேரியில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாளுக்கு எழுபது வயதில் இந்த ஆபரேஷன் நடந்தது. காலைப் பிடித்துவிட வந்த இளைஞனிடம் முதல் நாளே, "தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தாள். கேள்வி எங்கே போகிறது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். "கடலூர்ப் பக்கம் அம்மா. காலை மடக்குங்க" என்றான் அவன். ஆறாவது வாரம் அவள் மாடிப்படி இறங்கினாள். அப்போது அவள் பிடித்துக்கொண்டது அவன் தோளை. தெருவைப் பற்றிய பேச்சை அப்புறம் நான் கேட்கவில்லை.

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் லெ ழாந்தி ஒரு சொல்லை எழுதிவைத்தார். நீவிய மனிதரின் பெயரைக் கேட்டு எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் அந்நியர், அவரைக் குறை சொல்லி என்ன? தலைமுறை தலைமுறையாக அந்தக் கையிடம் உடம்பைக் கொடுத்துச் சுகம் கண்ட நாமும் எழுதி வைக்கவில்லை. இன்று அதே கை சான்றிதழோடு முன்வாசல் வழியாக வருகிறது. அதன் பெயரைக் கேட்போம். தெருவைக் கேட்க வேண்டாம்.