மூட்டுக்குள் ஒரு மதில்

முடக்குவாத ஆய்வின் வரலாற்றை எதிரியைப் பிடித்த கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த எதிரியின் பெயர் டிஎன்எஃப். 1975-ல் நியூயார்க்கில் லாய்ட் ஓல்டின் குழு கண்டுபிடித்தபோது அது நண்பன். எலிகளின் புற்றுக்கட்டியை அழித்த புரதம்.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் அதை மூட்டில் தேடினார்கள். நல்ல மூட்டின் உட்சவ்வில் மேலடுக்கு ஓரிரு செல் தடிமன்தான். முடக்குவாதத்தில் அது தடித்து, எல்லை தாண்டி, குருத்தெலும்பை அரிக்கிறது. அந்தச் சவ்வில் ஏகப்பட்ட சமிக்ஞைப் புரதங்கள் ஒரே நேரத்தில் கூச்சல் போடுகின்றன. ஒன்றை மட்டும் அடக்கி என்ன ஆகப்போகிறது? 1989-ல் விடை வந்தது. நோயாளிகளின் சவ்வுச் செல்களில் டிஎன்எஃபைத் தடுத்தால், இன்டர்லூக்கின்-1 என்ற இன்னொரு சமிக்ஞையும் அடங்கியது. நூறு பிழைச்செய்திகள் கொட்டினால் முதல் வரியைப் பார் என்பது எங்கள் மென்பொருள் தொழிலின் பாலபாடம். இங்கேயும் அதேதான்.

1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தைச் செலுத்தினார்கள். வீக்கமும் வலியும் வேகமாகக் குறைந்தன. 1990-களின் இறுதியில் மருந்து சந்தைக்கு வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். 2001-ல், அந்த மருந்து எடுத்தவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக ஓர் ஆய்வறிக்கை வெளியானது. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் கோட்டை கட்டுகின்றன. அது இடியாமல் காப்பதில் டிஎன்எஃபுக்குப் பெரும் பங்கு. மூட்டில் எல்லையை உடைத்தது, நுரையீரலில் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தது! என் சித்திக்கு இந்த ஊசியை எழுதியபோது, "மூட்டுவலிக்கு எதுக்குடா நெஞ்சு எக்ஸ்ரே?" என்று கேட்டார். பதில் இதுதான் சித்தி. காசநோய் மலிந்த நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே முடியாது.

மூட்டுக்கும் சொந்தமாக ஒரு மதில் உண்டு என்பது 2019-ல் தெரிந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் எலிகளின் மூட்டுச் சவ்வில் ஒருவகை மேக்ரோஃபேஜ் செல்களைக் கண்டார்கள். அழற்சியைத் தூண்டுபவை என்றே பேரெடுத்த இனம். இவையோ தோளோடு தோள் இறுகப் பிணைந்து, மூட்டின் உட்புறத்தைத் தடுப்புச்சுவராகக் காத்து நின்றன. அவற்றை நீக்கியபோது மூட்டழற்சி விரைந்து வந்தது.

முப்பது வருடங்களாக, யார் தாக்குவது என்று கேட்டோம். நல்ல மருந்துகள் கிடைத்தன. ஆனால் ஊசியை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பிவிடுகிறது. இடிந்த மதிலை மறுபடி கட்ட எந்தச் சமிக்ஞை வேண்டும்? அடுத்த மருந்து அந்தக் கேள்வியிலிருந்து வரட்டும்.