காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?



வெளிநாட்டில் குடியேறிய என் மாணவிகள் சிலர் இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறார்கள். "சார், பிள்ளைக்குக் கோதுமையை எப்போது தொடங்கலாம்? சீக்கிரம் கொடுத்தால் சீலியாக் வரும் என்கிறார்களே, தாமதமானாலும் வரும் என்கிறார்களே?" என்று கேட்கிறார்கள். மருத்துவத்தை டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை மட்டும் நான் சொல்கிறேன்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அதை எதிரியாக எண்ணி உடல் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்வதுதான் சீலியாக். பிள்ளைக்கு வயிறு உப்பும், பேதியாகும், உடம்பு தேறாது. இதற்குக் கோதுமையே காரணம் என்று காட்டியவர் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலப் போர்ப் பஞ்சத்தில் அங்கே ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே மெலிந்த அந்த நாளில் இந்நோய் கண்ட பிள்ளைகள் தேறினார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் வலுத்தது. 1950-இல் ஆய்வேடாக எழுதினார்.

அடுத்த கதை சுவீடனில். 1980-களின் நடுவில், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் இந்நோய் திடீரென நான்கு மடங்கானது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 200 முதல் 240 பேர். 1995-க்குப் பிறகு அதே வேகத்தில் 50, 60 என்று இறங்கியது. என்ன நடந்தது என்று தேடினார்கள். 1982-இல் அங்கே குளூட்டன் உணவை நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் பல பிள்ளைகள் தாய்ப்பாலை மறந்துவிட்டன. புட்டியில் ஊட்டும் கஞ்சியில் மாவின் அளவும் கூடியிருந்தது. 1996-இல், தாய்ப்பால் கொடுக்கும்போதே நான்காம் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்று ஆலோசனையை மாற்றினார்கள். நோயும் குறைந்திருந்தது. தாய்ப்பாலும் சரியான மாதமும் காக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியது.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது நினைவிருக்கும்: ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. 2014-இல் இரண்டு ஆய்வுகள் இதைச் சோதித்தன. ஒன்றில், நோய்க்கு வாய்ப்புள்ள குடும்பங்களின் 944 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் 100 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தார்கள். மூன்று வயதில் பார்த்தால் நோய் குறையவில்லை. இத்தாலியில் சிலருக்கு ஆறாம் மாதத்திலும் சிலருக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் தொடங்கினார்கள். தாமதித்தவர்களுக்கு நோய் தாமதமாக வந்தது; ஐந்து வயதில் இரு தரப்பும் ஒன்றுதான். தாய்ப்பால் தடுத்ததாகவும் தெரியவில்லை.

அப்படியானால் சுவீடன் கதை முழுப்பொய்யா? அதுவும் இல்லை. 1993-இல் பிறந்தவர்களைப் பன்னிரண்டு வயதில் சோதித்தபோது ஆயிரத்துக்கு 29 பேருக்கு நோய். 1997-இல் பிறந்தவர்களிடம் 22. ஊட்டிய அளவுக்கு ஒரு பங்கு இருக்கலாம். 2019-இல் வந்த பெரிய ஆய்வும், மரபணுவில் வாய்ப்புள்ள பிள்ளைகள் முதல் ஐந்து ஆண்டுகளில் அதிகக் குளூட்டன் உண்டால் ஆபத்து கூடுவதைக் கண்டது. இப்போது ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள், நான்கு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்கிறார்கள்; ஆரம்பத்தில் அள்ளிக் கொடுக்க வேண்டாம் என்று 2016-இல் சொன்னார்கள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோய் வந்த பிள்ளையின் தாயைப் பார்த்து, "நீ பால் கொடுத்தது போதாது, அவசரப்பட்டுச் சப்பாத்தி ஊட்டினாய்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தாய்ப்பாலுக்கு வேறு ஆயிரம் நன்மைகள் உண்டு. இந்தப் பழியை அதன்மேல் ஏற்ற வேண்டாம். சந்தேகம் இருந்தால் நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளைகள் நலமாக வளரட்டும்.